விண்கலத்தில் குடித்தனம்: தொடர்ச்சி நாவல்களின் வாடகை உரிமை பற்றி ஓர் ஆராய்ச்சி

தொலைக்காட்சியில் ஓடி முடிந்த அறிவியல் புனைவுத் தொடரை, அதன் பாத்திரங்களைப் பிரிய மனமில்லாத ரசிகர்களுக்காக, வேறொருவர் நாவல் நாவலாக நீட்டிக்கொண்டே போகும் தொழில் ஒன்று உலகில் உண்டு. இதைப் பற்றித் தொல்காப்பியர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வீட்டில் தொலைக்காட்சி இல்லாததால் மன்னித்துவிடலாம். பிற்காலத்து ஆய்வாளர்களுக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஆராயத் தக்க பொருள் பம்பாயில் நடைபாதை வரைக்கும் வந்து விரிந்து கிடக்கிறது. அதைத் தாண்டிப் போய் ஃபில்டர் காபி குடித்துவிட்டு, வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

இதன் கோட்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தொடர்ச்சி நாவல் ஓர் இலக்கிய வகையே அன்று. அது ஒரு குடியிருப்பு வகை. திறனாய்வாளர்கள் அதை இத்தனை காலம் தவறான அலுவலகத்தில் தேடியிருக்கிறார்கள். மும்பையின் வீட்டுத் தரகர் எவரிடம் கொடுத்திருந்தாலும், தரகைப் பெற்றுக்கொண்டு, அரைமணியில் விளக்கியிருப்பார்.

களம்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில், மகேஷ்வரி உத்யானை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. சுற்றிலும் வி.ஜே.டி.ஐ., ருயா, போதார், கால்சா என்று கல்லூரிகள் இருப்பதால் முன்வரிசை முழுக்கப் பாடப் புத்தகம். நாவல்களுக்குப் பின்வரிசை, முதுகு மட்டும் தெரியும். ஜூன் பிறந்தால் நீலத் தார்ப்பாய் விழும். அதன்பிறகு ஆய்வு குனிந்தபடியே நடைபெறும். இங்கே ஒரு நல்ல வழக்கம் உண்டு. வாங்கிய நாவலைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தால் பாதி விலை கைக்கு வரும். ‘ஆதா வாபஸ்’ என்பது இக்களத்தின் கலைச்சொல். இது விற்பனையா வாடகையா என்று வக்கீல்களே தடுமாறக்கூடிய ஏற்பாடு. நம் கோட்பாட்டுக்கு முதல் சான்று ஆய்வுக் களத்தின் வாசலிலேயே கிடைத்துவிட்டதைக் கவனிக்க.

இப்புத்தகங்கள் இங்கு வந்த வரலாறு சுருக்கமானது. 1966இல் அமெரிக்காவில் என்.பி.சி. தொடங்கி, 79 அத்தியாயங்களோடு 1969இல் நிறுத்திவிட்ட தொடர் ‘ஸ்டார் ட்ரெக்’. அது 1980களின் நடுவில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வந்தது. ஒளியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் கப்பல், பம்பாய் வந்து சேர ஏறக்குறைய இருபது ஆண்டு எடுத்துக்கொண்டது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எண்ணெய் தேய்த்த தலையோடு உட்கார்ந்து அதைப் பார்த்த பையன்களுக்குக் கேப்டன் கிர்க்கையும் மிஸ்டர் ஸ்பாக்கையும் விட முடியவில்லை. 79 எண்ணி முடித்தபின் அவர்கள் கண்டுபிடித்தது, நியூயார்க்கின் பாக்கெட் புக்ஸ் வெளியிட்ட கையடக்க நாவல் வரிசை. பிறகு பையன்கள் படித்து முடித்து நியூஜெர்சிக்குப் போனார்கள். அம்மாக்கள் அலமாரியைக் காலி செய்து, பழைய பேப்பர் வாங்கும் ரத்திவாலாவிடம் எடை போட்டார்கள். நியூயார்க்கிலிருந்து புத்தகம் செம்பூருக்கு வந்தது. செம்பூரிலிருந்து பையன் நியூயார்க் பக்கம் போனான். அன்னியச் செலாவணிக் கணக்கில் இது நேராகிவிட்டதா என்று பொருளியல் துறையினர் பார்த்துச் சொல்லட்டும்.

வகைப்பாடு

பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து வைத்துவிட்டார். ஸ்டார் ட்ரெக் நாவல்களை எந்த அலமாரியில் வைப்பது என்ற கேள்வி எழும் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

வழிநூல் எனில் முதல்நூலின் முடிவை அப்படியே ஒப்புக்கொண்டு, ஆசிரியர் வேண்டிய சிறு வேறுபாட்டைக் கூட்டிச் சொல்வது. இதற்கு இலக்கியம் ஜேம்ஸ் பிளிஷ். ‘எ கேஸ் ஆஃப் கான்ஷியன்ஸ்’ நாவலுக்காக 1959இல் ஹியூகோ விருது வாங்கிய மனிதர். 1967 முதல் பான்டம் பதிப்பகத்துக்காகத் தொடரின் அத்தியாயங்களைச் சிறுகதைகளாக எழுதத் தொடங்கினார். திரைக்கதைப் பிரதிகளை வைத்துக்கொண்டு எழுதியதால் சில இடங்களில் திரையில் ஒன்று, புத்தகத்தில் ஒன்று. பாடபேதம் என்று ஒன்று இருந்தால்தானே அது நூல்! 1975இல் அவர் இறந்தபின் மனைவி ஜே. ஏ. லாரன்ஸ் பன்னிரண்டாம் தொகுதியை முடித்துக் கொடுத்தார்.

சார்புநூல் என்பது சிலவற்றில் ஒத்தும் சிலவற்றில் வேறுபட்டும் போவது. அதற்கும் பெரியவர்களுக்கான முதல் நூலை பிளிஷே எழுதிவிட்டார்: 1970இல் வந்த ‘ஸ்பாக் மஸ்ட் டை!’ ஸ்பாக் சாக வேண்டும் என்று தலைப்பு வைத்துவிட்டு அவரைச் சாகவிடாமல் முடிப்பது எப்படி என்பதுதான் அந்த நாவலின் உள்ளடக்கம். பிற்காலத்துச் சார்புநூல்கள் அனைத்தின் உள்ளடக்கமும் அதுதான். ஏன் அப்படி என்பதற்கு இலக்கணத்தில் விடையில்லை. வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது.

11 மாதம்

மும்பையில் வாடகைக்கு வீடு எடுப்பவர் கையெழுத்திடும் ‘லீவ் அண்ட் லைசென்ஸ்’ ஒப்பந்தத்தின் வழக்கமான ஆயுள் 11 மாதம். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. தடுப்புச் சுவர் எழுப்பக் கூடாது. உள்வாடகை விடக் கூடாது. போகும்போது எப்படி இருந்ததோ அப்படியே ஒப்படைக்க வேண்டும், பெயின்ட் உட்பட.

தொடர்ச்சி நாவலாசிரியர் கையெழுத்திடுவதும் இதையேதான். நாவலின் பதிப்புரிமை அவருக்கு இல்லை. தொடரின் உரிமையாளரான படநிறுவனத்துக்கு. கப்பல் உங்களுடையதன்று. கேப்டனைக் கல்யாணம் செய்து வைக்கலாம், ஆனால் கடைசி அத்தியாயத்துக்குள் பெண் இறந்துவிட வேண்டும், அல்லது வேறு கிரகத்தில் பதவி ஏற்க வேண்டும். உலகத்தை அழிக்கலாம், காலத்தைப் பின்னோக்கி ஓட்டி அழியாததாக்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்பித் தரலாம். 1980களின் கடைசியில் ஸ்டார் ட்ரெக்கைப் படைத்த ரோடன்பெரியின் அலுவலகம் விதிகளை இன்னும் இறுக்கியது. ஒரு நாவலில் ஆசிரியர் தாமாகப் படைத்த பாத்திரம் அடுத்த நாவலுக்கு வரக்கூடாது என்றார்கள். விருந்தாளியை இரவு தங்க வைக்கக் கூடாது என்ற ஹவுசிங் சொசைட்டி விதியை அனுபவித்தவர்கள் இதன் சுவையை உணர்வர்.

என்ன கட்டுப்பாடு போட்டாலும் குடியிருப்பவர் எங்காவது ஓர் ஆணியை அடித்துவிடுவார். கப்பலை ஓட்டும் சூலுவுக்குத் தொடர் முழுக்க முதற்பெயர் கிடையாது. 1981இல் வோண்டா மக்கின்டயர் எழுதிய ‘தி என்ட்ரோபி எஃபெக்ட்’ நாவலில் அவருக்கு ‘ஹிகாரு’ என்று பெயர் வைத்தார். பத்தாண்டு சுவரில் அது பாட்டுக்கு இருந்தது. 1991இல் வந்த ஆறாவது திரைப்படத்தில் அந்தப் பெயர் திரையிலேயே உச்சரிக்கப்பட்டது. வாடகைக்காரி அடித்த ஆணியில் வீட்டுக்காரர் தன் தாத்தா படத்தை மாட்டிக்கொண்டார் என்க. தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவின் ‘நியோட்டா’ என்ற பெயரும் 1982இல் ஒரு புத்தகத்தில் பிறந்து, 2009 படத்தில்தான் திரைக்கு வந்தது.

பிரிட்டனில் ஒரு குடித்தனம் இதைவிட ஒருபடி மேலே போனது. பி.பி.சி.யின் ‘டாக்டர் ஹூ’ 1963இல் தொடங்கி 1989இல் நின்றுபோயிற்று. வீடு பூட்டிக் கிடந்த காலத்தில், 1991 முதல், வெர்ஜின் பதிப்பகம் நாவல் வரிசையாகக் குடியேறி விளக்கேற்றி வைத்திருந்தது. அதில் பால் கார்னெல் 1995இல் எழுதிய ‘ஹ்யூமன் நேச்சர்’ நாவலை, தொடர் மறுபடி உயிர்பெற்றபின், 2007இல் பி.பி.சி.யே அத்தியாயங்களாக எடுத்தது. அதே பி.பி.சி. 1960, 70களில் பழைய ஒளிப்பதிவுகளை அழித்த கதையும் உண்டு. பல அத்தியாயங்கள் இன்றைக்கும் இல்லை. ஆனால் டார்கெட் பதிப்பகத்துக்காக டெரன்ஸ் டிக்ஸ் மட்டுமே அறுபதுக்கும் மேற்பட்ட கதைகளை நாவலாக்கியிருந்தார், மற்றவர்களும் எழுதினார்கள். வீட்டுக்காரர் தொலைத்த பாத்திரபண்டங்கள் வாடகைக்காரர் பரணில் இருந்தன. மூலச்சுவடி செல்லரித்து உரை மட்டும் எஞ்சிய நூல்களோடு வாழும் தமிழாசிரியர்களுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது.

கட்டடம் கைமாறினால் என்ன ஆகும் என்பதற்கும் வழக்கு இருக்கிறது. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தின் நாவல் 1976இல் ஜார்ஜ் லூகாஸ் பெயரில் வந்தது. எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். லூகாஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபின் தமக்கு ராயல்டி வருவது நின்றுவிட்டது என்று 2020 நவம்பரில் ஃபாஸ்டரும் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கமும் பகிரங்கமாகச் சொன்னார்கள். உரிமைகளைத்தான் வாங்கினோம், கடமைகளை அல்ல என்பது எதிர்த்தரப்பு நிலை என்று சங்கம் விளக்கியது. பின்னர் அது பேசித் தீர்க்கப்பட்டது. பில்டிங்கை வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் டெபாசிட் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்று கைவிரிப்பதைக் கேட்டுப் பழகிய மாட்டுங்காவில் இதற்கு ஒரு புருவம்கூட உயராது.

வழுவமைதி

பிழைதான், ஆயினும் காரணம் பற்றி ஏற்கலாம் என்பது நம் இலக்கணத்தின் பெருந்தன்மை. தொடர்ச்சி நாவல்களில் பாதி இந்தத் துறையில் வேலை பார்க்கின்றன.

ஸ்டார் ட்ரெக்கின் கிளிங்கான் என்னும் போர்க்குடியினருக்கு 1960களில் நெற்றி நம்மைப் போல வழவழவென்று இருந்தது. 1979 திரைப்படத்தில் அதே இனத்தாருக்கு நெற்றியில் எலும்பு வரம்பு கட்டியிருந்தது. உண்மைக் காரணம், ஒப்பனைக்குக் காசு வந்துவிட்டது. இதை ரசிகரிடம் சொல்ல முடியுமா? ஜான் எம். ஃபோர்டு 1984இல் ‘தி ஃபைனல் ரிஃப்ளெக்‌ஷன்’ நாவலில், வழவழ நெற்றிக்காரர்கள் மனிதரோடு கலந்து உண்டாக்கப்பட்ட வகையினர் என்று உரை கண்டார். 2005இல் ‘என்டர்பிரைஸ்’ தொடரே வைரஸ் காய்ச்சல்தான் காரணம் என்று வேறோர் உரை சொன்னது. எங்கோ கிடக்கும் சொல்லைப் பிடுங்கி வந்து இங்கே பூட்டிப் பொருள் சொல்வதில் நச்சினார்க்கினியருக்கு நிகரில்லை என்று நினைத்திருந்தோம். அவருக்கு அந்த மேற்கில் வாரிசுகள் இருக்கிறார்கள்.

இத்துறையின் தலைசிறந்த சாதனை நம் செம்பூரைத் தொடுவதால் சற்று விரிவாகப் பார்ப்போம். 1967இல் ஓர் அத்தியாயத்தில் கான் நூனியன் சிங் என்றொரு வில்லன் வருகிறான். மரபணுத் திருத்தத்தில் பிறந்த அதிமனிதன். வட இந்தியன், சீக்கியனாக இருக்கக்கூடும் என்று கதையில் ஒரு வரலாற்றாசிரியை ஊகிக்கிறார். நடித்தவர் மெக்ஸிகோவில் பிறந்த ரிக்கார்டோ மொன்டல்பான். இவனைப் போன்ற அதிமனிதர்கள் நடத்திய உலகப் போர் 1992 முதல் 1996 வரை நடந்தது என்று தொடர் நாள் குறித்துவிட்டது. 1967இல் உட்கார்ந்து எழுதியவருக்கு 1992 வெகுதூரம். பிறகு 1992 வந்தது, 1996 வந்தது. அதிமனிதன் எவனும் வரவில்லை. (உண்மையான 1992 டிசம்பரின் கலவர நாட்களைத் தாராவியில் கழித்தவர்களுக்கு அதிமனிதன் தேவைப்படவில்லை. சாதாரண மனிதனே போதுமானவனாக இருந்தான்.)

இந்த வழுவை அமைக்கும் பொறுப்பு கிரெக் காக்ஸ் என்ற நாவலாசிரியரிடம் வந்தது. 2001, 2002இல் இரண்டு பாகமாக அவர் எழுதிய ‘தி யூஜெனிக்ஸ் வார்ஸ்’ நாவலின் தீர்வு: போர் நடந்தது, நாம்தான் கவனிக்கவில்லை. செய்தித்தாளில் படித்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் எல்லாம் ரகசியமாக நடந்து முடிந்துவிட்டது. கான் சிறுவனாக வளர்ந்தது ராஜஸ்தான் பாலைவனத்தின் அடியில் மறைந்திருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில். அந்த ஆய்வுக்கூடம் அணுவெடிப்பில் அழிகிறது. அந்த வெடிப்பையே இந்தியா தன் முதல் அணுகுண்டுச் சோதனை என்று அறிவித்துக்கொள்கிறது.

அதாவது, 1974 மே 18 அன்று பொக்ரானில் ராஜா ராமண்ணா தலைமையில் டிராம்பே விஞ்ஞானிகள் செய்து காட்டியதாக நாடு நம்பும் செயல், ஒரு தொலைக்காட்சித் தொடரின் தேதிக் கோளாறைச் சரிக்கட்ட, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டுவிட்டது. டிராம்பே செம்பூருக்கு அடுத்த ஊர். அணுசக்தி நகரில் ஓய்வு பெற்றுச் செம்பூரில் வீடு வாங்கிய தமிழ் மாமாக்கள் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டிக் கச்சேரிகளில் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் இடைவேளையில் இந்த நாவலின் கருத்தைப் பணிவோடு எடுத்துச் சொன்னோம். நெடுநேரம் யோசித்துவிட்டு, “அப்போ எங்க பேட்சுக்கு இன்கிரிமென்ட் எதுக்குக் கொடுத்தானாம்?” என்று கேட்டார். இதற்கு நாவலில் விடை இல்லை. மூன்றாம் பாகம் தேவை.

தமிழே முந்திற்று என நிறுவல்

எந்த ஆய்வுக்கட்டுரையும், இது தமிழில் அன்றே இருந்தது என்று ஓர் இடத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாத கட்டுரையை மன்றங்களில் வாசிக்க அனுமதிப்பதில்லை. நல்லவேளையாக இங்கே சான்று உண்மையாகவே இருக்கிறது.

சிலப்பதிகாரம் முடிந்தபின் அதே பாத்திரங்களின் அடுத்த தலைமுறையை நாயகியாக வைத்து வேறொரு புலவர் எழுதிய தொடர்ச்சிதான் மணிமேகலை. 1987இல் அமெரிக்கர்கள் ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்று பெயரிட்டு அடுத்த தலைமுறையைக் கப்பலேற்றியதற்கு முன்னோடி, கோவலன் மகள் வழியாகச் சாத்தனார் காட்டிய வழியே. பொறிநுட்பத்தைப் பாருங்கள். உவவனத்தில் இருந்தவளை மணிமேகலா தெய்வம் உறக்கத்திலேயே தூக்கி மணிபல்லவத்தில் வைக்கிறது. கிர்க்குக்கு இதற்கு ஒரு மேடையும் இயக்குவதற்கு ஓர் இன்ஜினியரும் தேவைப்பட்டார்கள். வான்வழி செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் பசி தாங்கவும் மூன்று மந்திரங்கள் தரப்படுகின்றன. கோமுகிப் பொய்கையில் எழும் அமுதசுரபி, எடுக்க எடுக்கக் குறையாத உணவைத் தருகிறது. புதிய தலைமுறைக் கப்பலில் சுவரிலுள்ள பெட்டியிடம் கேட்டால் தேநீர் வருகிறதே, அதேதான். ஒரு வேறுபாடு: கேப்டன் பிக்கார்ட் அந்தப் பெட்டியிடம் தமக்குத் தேநீர் கேட்டார். மணிமேகலை அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு முதலில் ஆதிரையிடம் போனாள், பிறகு காயசண்டிகையின் பசியைத் தீர்த்தாள், அப்புறம் சிறைக்கூடத்துக்குப் போனாள். இந்த வேறுபாட்டை வைத்து யாராவது தனி ஆய்வு செய்யலாம். கேலிக்கு இடமில்லாத ஆய்வாக இருக்கும்.

உரிமையாளர் ஒப்புதல் இருந்ததா? இருந்தது. சாத்தனார் பாட இளங்கோ கேட்டார் என்று மணிமேகலைப் பதிகமே சொல்கிறது. உலக இலக்கியத்தில் தடையில்லாச் சான்றிதழோடு தொடங்கும் தொடர்ச்சிகள் அரிது. ஒப்புதல் பெறாத குடித்தனத்துக்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. கம்பர் பட்டாபிஷேகத்தோடு கதவைச் சாத்திவிட்டார். பின்னால் உத்தரகாண்டம் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. அதை ஒட்டக்கூத்தர் தலையில் வைப்பது மரபு.

எதிர்வாதியார், இவை தொலைக்காட்சித் தொடர்கள் அல்லவே என்பர். வாரத் தொடராவது ஏற்பாரா? 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த பொன்னியின் செல்வன் முடிந்தபோது, முடிந்ததை ஏற்க வாசகர்கள் மறுத்தார்கள். பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கல்கி முடிவுரை எழுத வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். பின்னர் விக்கிரமன் அக்கதையைத் தொடர்ந்து ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். அந்த விக்கிரமன் பல்லாண்டு ஆசிரியராக இருந்த பத்திரிகையின் பெயர் அமுதசுரபி. இதற்கு மேலும் சான்று கேட்பவரோடு வாதிடுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

சொந்த வீட்டுக்காரர்களும் தமிழில் உண்டு. சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘மீண்டும் ஜீனோ’வையும் அவரே எழுதிக்கொண்டார். ஆணி, தடுப்புச் சுவர், நாய் எல்லாம் அவர் இஷ்டம்.

பகடியும் இடிப்பும்

லீவ் அண்ட் லைசென்ஸுக்கு நேர் எதிரானது பகடி என்னும் பம்பாய்க் குடியிருப்பு முறை. மொத்தமாக ஒரு தொகை கொடுத்து உள்ளே போனவர், வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிழலில், பெயரளவு வாடகை கொடுத்துக்கொண்டு மூன்று தலைமுறை இருப்பார். வீட்டுக்காரர் எங்கிருக்கிறார் என்றே தெரியாது. மாலா என்னும் பரண் கட்டுவார், பால்கனியை அறையாக்குவார், மகனுக்கு அதே அறையில் கல்யாணம் பண்ணி வைப்பார்.

ஸ்டார் ட்ரெக்கில் இந்தப் பொற்காலம் 2001இல் தொடங்கியது. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர் 1999இல் முடிந்தது. 2002இல் வந்த ‘நெமிசிஸ்’ படம் ஓடாததால் பிக்கார்ட் குழுவும் வீட்டுக்குப் போயிற்று. இவர்களில் யாரும் மேற்கொண்டு திரையில் வரப்போவதில்லை என்றிருந்த காலம். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. எஸ். டி. பெர்ரியின் ‘அவதார்’ நாவலில் தொடங்கி நாவலாசிரியர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் வாங்கி, இருபது ஆண்டு ஒரே தொடர்கதையாகக் கட்டினார்கள். பதவி உயர்வு, மரணம், போர், எல்லாம் நிலைத்தன. கடைசி அத்தியாயத்தில் எதுவும் பழையபடி ஆகவில்லை. பிக்கார்டுக்கும் அவர் கப்பலின் டாக்டர் பெவர்லி கிரஷருக்கும் கல்யாணம் ஆகி, ரெனே என்று ஆண் குழந்தையும் பிறந்தது.

2020 ஜனவரியில் ‘பிக்கார்ட்’ தொடரோடு வீட்டுக்காரர் திரும்பி வந்தார். புதுக் கதைக்கும் நாவல்களுக்கும் ஒட்டவில்லை. ரீடெவலப்மென்ட்.

இங்கேதான் நம் தகவலாளியை அறிமுகம் செய்ய வேண்டும். தாராவி 90 அடி ரோட்டுக்கு உள்ளே, இரண்டு சந்து தள்ளி. திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். விடியுமுன் இட்லி அவித்து சைக்கிளில் மும்பை முழுக்க அனுப்பும் வீடுகளில் ஒன்று. ஆய்வு நெறி கருதிப் பெயரை மறைக்கிறோம். கிங்ஸ் சர்க்கிள் கடையில் நாம் எடுக்க நினைத்த நாவலை முந்தி எடுத்தவர் என்ற வகையில் பழக்கம். எது அதிகாரபூர்வமான கதை, எது இல்லை என்று மேலைநாட்டு ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொள்வதை அவரிடம் சொல்லிப் புலம்பினோம்.

“இதுல என்ன சார் குழப்பம்? சர்வேக்காரன் வர்றதுக்கு முந்தி எல்லாரும் குடியிருந்தவங்கதான். அவன் வந்து செவுத்துல நம்பர் போட்டபெறவுதான் யாரு இருந்தா, யாரு இல்லன்னு தெரியும்.”

தாராவியில் 2024 முதல் நடந்த கணக்கெடுப்பைச் சொல்கிறார். 2000 ஜனவரி 1க்கு முன்னால் தரைத்தளத்தில் இருந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவசம். அதற்குப் பின் வந்தவர்களுக்கும் மேல்மாடியில் இருப்பவர்களுக்கும் வெளியே எங்கோ, பணம் கட்டி. 2014 ஏப்ரலில் டிஸ்னியின் கீழ் வந்த லூகாஸ்ஃபில்ம், அதுவரை வந்த ஸ்டார் வார்ஸ் நாவல்களை எல்லாம் ‘லெஜெண்ட்ஸ்’ என்று தனி முத்திரை குத்தி ஒதுக்கியதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. திரையில் வந்தது தரைத்தளம். நாவல் மேல்மாடி. ஏணி வெளிப்பக்கம்.

“உங்க வீடு தம்பி?”

“நாங்க மேல்மாடி சார். நாவல்தான்.”

ஸ்டார் ட்ரெக் நாவலாசிரியர்கள் ஒருவகையில் தன்மானக்காரர்கள். இடிக்க ஆள் வரும்வரை காத்திருக்கவில்லை. 2021இல் டேட்டன் வார்டு, ஜேம்ஸ் ஸ்வாலோ, டேவிட் மேக் மூவரும் ‘கோடா’ என்ற மூன்று நாவல்களை எழுதி, தாங்களும் சகாக்களும் இருபதாண்டு கட்டிய அந்தக் கிளை உலகத்தைத் தாங்களே அழித்தார்கள். இன்னொரு உலகம், அதாவது தொலைக்காட்சியில் வரும் உலகம், பிழைத்திருக்க வேண்டுமானால் இது இல்லாமல் போக வேண்டும் என்பது கதை. யாதவர்கள் கோரைப்புல்லைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட மௌசல பர்வத்துக்குப் பின் இவ்வளவு ஒழுங்கான சுய அழிவு இலக்கியத்தில் குறைவு. தொழில்முறையில் பார்த்தால், சாவியைக் கொடுக்குமுன் பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு ஆண்டு கழித்து, 2023இல், ‘பிக்கார்ட்’ தொடரின் மூன்றாம் பருவம் வந்தது. அதில் ஒரு ரகசியம் வெளிப்படுகிறது: பிக்கார்டுக்கும் பெவர்லி கிரஷருக்கும் ஒரு மகன் இருக்கிறான். பெயர் ஜாக். கல்யாணம் மட்டும் இல்லை.

தகவலாளியிடம் சொன்னோம். சிரிக்கவில்லை. “பிளான்ல பழைய ரூம் அப்படியேதான் இருக்கும் சார். சொசைட்டி பேருதான் வேற” என்றார்.

அட்டையற்ற பிரதி

கடைசியாக ஒரு தனிப் பிரதியை வருணித்துவிடுகிறோம். எதிர்கால ஆய்வாளருக்கு உதவும். கையகலம், பொடி எழுத்து, விளிம்பெல்லாம் பழுப்பு. ‘டீப் ஸ்பேஸ் நைன்’ தொடர்ச்சி வரிசையைச் சேர்ந்த நாவல். முன்னட்டை கிடையாது, முதுகு வரை ஒட்டக் கிழித்தெடுத்திருக்கிறது. அமெரிக்காவில் விற்காத மலிவுப் பதிப்பைப் பதிப்பகத்துக்கு முழுதாகத் திருப்பி அனுப்பினால் தபால் செலவுக்குக் கட்டாது. அட்டையை மட்டும் கிழித்து அனுப்புவார்கள். மிச்சத்தை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. அட்டையில்லாத பிரதி விற்காமல் அழிக்கப்பட்டதாகக் கணக்குக் காட்டப்பட்டது, அதற்கு ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் ஒரு காசும் சேரவில்லை என்று உள்ளே இரண்டாம் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது.

ஆக, புத்தகம் அழிந்துவிட்டதாகப் பதிப்பகக் கணக்கு சொல்கிறது. அதிலுள்ள கதை நடக்கவே இல்லை என்று 2021இல் ஆசிரியர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பொருளும் இல்லை, பொருள் சொல்லும் செய்தியும் இல்லை. இப்படிப்பட்ட நூலைத் தர்க்கசாஸ்திரக்காரர்கள் மலடி மகன், முயற்கொம்பு வரிசையில் வைப்பார்கள்.

கடைக்காரர் பாயிடம் எவ்வளவு என்று கேட்டோம். புரட்டிப் பார்த்துவிட்டு “சாட்” என்றார். அறுபது ரூபாய். இல்லாத புத்தகத்துக்கு அறுபதா என்று நம் ஆய்வு முடிவுகளைத் தொகுத்து இந்தியில் எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டார், ஐம்பதுக்கு இறங்கினார். ஆதா வாபஸ் உண்டா என்றதற்குத் தலையை ஆட்டினார்: “கவர் நஹி, தோ வாபஸ் நஹி.” ஐம்பதைக் கொடுத்துவிட்டு வாங்கி வந்துவிட்டோம். தகவலாளிக்கு அடுத்த பாகம் கிடைத்தால் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறோம்.